பதினோரு மணி பிளாஸ்க்

அந்தக் கிளாஸைக் கொஞ்சம் கீழ வைங்க. ஒங்களைச் சொல்லல தம்பி, நீங்க குடிங்க. தங்கச்சி கையில இருக்கே, அதைச் சொன்னேன். கோவிச்சுக்கிறாதீங்க. டீ மாஸ்டரே டீயைக் குடிக்காதேங்கிறானே, இவனுக்கு மண்டையில சூடு ஏறிருச்சான்னு பாக்குறீங்க. பதினாலு வருஷமா இந்த மானாமதுரை பஸ் ஸ்டாண்டுல பாய்லர் பக்கத்துல நிக்கிறேன், ஏறித்தான் இருக்கும். ஆனா இப்பச் சொல்றது அந்தச் சூட்டுல இல்ல.

தங்கச்சி உள்ளங்கையில இருக்கிறது ரத்த மாத்திரைதான? தெரியும். அந்தச் செவப்பை நான் எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிருவேன். அதை டீயை ஊத்தி முழுங்கப் போச்சா, எனக்குக் கை ஆத்துற டீயோட அப்படியே நின்னுருச்சு. இந்தா தாயி, தண்ணி. இதுல போட்டுக்க.

எத்தனை மாசம்?

அப்படியா. தெரியாமக் கேட்டுட்டேன். போன மாசமா. புள்ளை எத்தனை நாள் இருந்துச்சு? நாலு நாளா. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போயிட்டு வர்றீங்களா. சரி சரி, அழுகாத தாயி. நீ இந்தப் பக்கம் பெஞ்சுல வெயில் படாம உக்காரு.

பஸ் போயிருமேன்னு பயப்படாதீங்க தம்பி. டிரைவர் இப்பத்தான் சாப்பிடப் போயிருக்காரு. அவரு சாப்பிட்டு, கையைக் கழுவி, வெத்தலையைப் போட்டு, கண்டக்டரை நாலு வையி வஞ்சுட்டு வண்டியில ஏற இருபது நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நான் எவ்வளவு பெரிய கூமுட்டைன்னு ஒங்களுக்குச் சொல்லி முடிச்சிருவேன். எனக்கு அது பாடமான கதை.

எம்பேரு சோனைமுத்து. ஆனா இந்தப் பக்கம் மாஸ்டர்னு கேட்டாத்தான் தெரியும். சிவகங்கை பஸ்ஸு, பரமக்குடி பஸ்ஸு, எந்த டிரைவரை வேணா கேளுங்க, எந்த ஊருல டீ நல்லாருக்கும்னு. என்னையத்தான் கை காட்டுவாக. எனக்கு அதுல கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் இல்ல, அப்ப நிறைய. ஒரு ஆளு நடந்து வர்றதைப் பார்த்தே அவருக்கு ஸ்ட்ராங்கா லைட்டா, சீனி எம்புட்டுன்னு சொல்லிருவேன். ஊரு சனத்துக்கு என்ன வேணும்னு அவுக வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே தெரியும் எனக்கு. வீட்டுல இருக்கிறவளுக்கு என்ன வேணும்னுதான் தெரியல. அது பெறகு வருது.

எம்பொண்டாட்டி பேரு அழகுமீனா. கல்யாணம் ஆன மூணாம் மாசமே உண்டாயிட்டா. நான் கடைக்கு வந்தவகளுக்கெல்லாம் ஓசி டீ குடுத்து, மொதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். எட்டாம் மாசமே வலி வந்துருச்சு. ஆம்பளைப் புள்ளை. ஒன்றரைக் கிலோ கூட இல்ல. பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாக. ஒரு விரலை நீட்டினா முழுக் கையாலயும் புடிக்கும்னு நர்ஸு சொன்னாக. உள்ள விட்டு நீட்டினேன். புடிச்சான் தம்பி. பதினோரு நாள் இருந்தான். பேரு வைக்கிறதுக்கு நாள் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

இருந்திருந்தா இப்ப ஏழாப்பு படிப்பான்.

அங்கன இருந்த டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாக. நல்லாத்தான் சொன்னாக. ஒரு குறையும் சொல்ல முடியாது. "இந்தப் பொண்ணு ஒடம்புல ரத்தமே இல்லப்பா. ஏழுதான் இருக்கு, பன்னெண்டு இருக்கணும். தாய்க்கே இல்லாதப்ப புள்ளைக்கு எங்கேருந்து வரும்? அடுத்ததுக்கு ரெண்டு வருஷம் பொறுங்க. அதுக்குள்ள இவளைத் தேத்துங்க. தேத்தாம அவசரப்பட்டீங்கன்னா இதே பெட்டிகிட்ட வந்துதான் நிப்பீங்க."

இதுல என் காதுல விழுந்தது 'தேத்துங்க' மட்டுந்தான். ரெண்டு வருஷங்கிறது விழவே இல்ல. எங்கக்கா வேற துக்கம் கேக்க வந்தவ, "டேய், அடுத்தது வந்துட்டா மனசு ஆறிரும்டா, ஆறப்போடாத"ன்னு காதுல ஓதிட்டுப் போயிட்டா. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. மீனாகிட்டக் கேட்டேனான்னா கேக்கல. அவ ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதான அர்த்தம்? அப்படித்தான் நினைச்சேன். கடையில ஒருத்தர் ஒண்ணும் சொல்லாம உக்காந்தா ஒரு நார்மல் டீயை நீட்டுவோம்ல, அந்தப் பழக்கம்.

சரி, தேத்துறதுன்னு முடிவு பண்ணியாச்சு. சுகாதார நெலையத்துல இருந்து எங்க ஊருக்கு ஒரு நர்ஸம்மா வருவாக, ஜெயக்கொடின்னு பேரு. நல்ல கட்டையான ஆளு, ஸ்கூட்டியில வந்தா தெரு நாயெல்லாம் ஒதுங்கும். அவுக இந்தச் செவப்பு மாத்திரையைப் பட்டை பட்டையாக் குடுத்துட்டு, "தெனம் ஒண்ணு, மறக்காம"ன்னு சொல்லிட்டுப் போனாக. மறக்கிறதா? அதுக்குத்தான் நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன்.

தெனம் காலையில பதினோரு மணிக்கு இங்க கூட்டம் கொறையும். அப்ப ஒரு டீ போடுவேன் பாருங்க. எருமைப்பால் தனியா வாங்கி வச்சிருப்பேன். இஞ்சி நசுக்கி, ஏலக்காய் தட்டி, தூளை ரெண்டு பங்கு போட்டு, நல்லாச் சாயம் எறங்க எறங்க வடிச்சு, பிளாஸ்க்குல ஊத்தி எடுத்துக்கிட்டு சைக்கிள்ல மூணு கிலோமீட்டர். வெயிலு மழை எதுவும் பாக்கல. வீட்டு வாசல்ல நின்னு மணி அடிப்பேன். அவ வருவா. மாத்திரையை நானே பிச்சு அவ கையில வைப்பேன், டீயை மூடியில ஊத்திக் குடுப்பேன், முழுங்குறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் திரும்புவேன். "எப்படி இருக்கு?"ன்னு கேப்பேன். "நல்லாருக்குங்க"ம்பா. எந்தப் புருஷன் தம்பி இப்படிச் செய்வான்? நானே என்னைய நினைச்சுக் கண்ணு கலங்கிருக்கேன் சைக்கிள்ல வரும்போது.

தங்கச்சி எப்படிக் கவனிக்குது பாருங்க. கண்ணு இந்தப் பக்கத்தை விட்டு நகரல. நான் சொல்ல ஆரம்பிச்சா எல்லாரும் இப்படித்தான் உக்காந்துருவாக.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பார்த்தாக. ஏழு பாயிண்ட் ரெண்டு. சரி, இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம்னு விட்டுட்டேன். ஆறு மாசத்துல ஏழு பாயிண்ட் நாலு. ஒம்பதாம் மாசம் மறுபடியும் ஏழு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மொதல்ல மீனாவைத்தான் புடிச்சேன். "நான் அங்கிட்டுப் போனதும் வாயில இருந்து துப்பிருறியா?"ன்னு கேட்டேன். நாக்குல நரம்பில்லாம கேட்டேன் தம்பி. கண்ணு முன்னாடி முழுங்குறவளைப் பார்த்து. அவ வாயைத் தொறந்து காட்டினா, சின்னப்புள்ளை மாதிரி. இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு அது ஆற மாட்டேங்குது.

பெறகு கோவம் மாத்திரை மேல திரும்புச்சு. நேரா நர்ஸம்மா இருக்கிற சுகாதார நெலையத்துக்குப் போனேன். அன்னைக்குத் தடுப்பூசி நாளு, பச்சைப்புள்ளைகளை வச்சுக்கிட்டு பத்துப் பதினஞ்சு பொம்பளைக உக்காந்திருக்காக. நடுவுல நின்னு, "என்ன மாத்திரை குடுக்குறீங்க நீங்க? சுண்ணாம்பைச் செவப்பாக்கிக் குடுக்குறீங்களா?"ன்னு ஒரு கத்து. புள்ளைகெல்லாம் ஊசி போடுறதுக்கு முன்னாடியே அழுக ஆரம்பிச்சிருச்சு. ஜெயக்கொடியம்மா நிமிந்தே பாக்கல. எழுதிக்கிட்டே, "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன், போ"ன்னாக. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு மீசையைத் தடவிக்கிட்டு வந்தேன்.

மறுநாள் வந்தாக. சரியா பதினோரு மணி தாண்டி, நான் பிளாஸ்க்கோட நிக்கும்போது. எனக்கு ஒரே சந்தோசம். பாக்கட்டும், புருஷன்னா எப்படி இருக்கணும்னு பாக்கட்டும். மாத்திரையைப் பிச்சு மீனா கையில வச்சேன். டீயை ஊத்தினேன். ஏலக்காய் வாசம் தெருமுக்கு வரைக்கும் போகுது.

"நில்லு"ன்னாக நர்ஸம்மா. "டீ யாரு போட்டது?"

"நான்தாம்மா. ஸ்பெஷலா."

"தெனமும் இதுலயா மாத்திரை போடுறா?"

"ஒம்பது மாசமா. ஒரு நாளு தப்பினதில்ல. கொடை புடிச்சுக்கிட்டு வந்து குடுத்திருக்கேன் மழையில."

நர்ஸம்மா அப்படியே படியில உக்காந்துட்டாக. திட்டுவாகன்னு பார்த்தேன், திட்டல. மெதுவாத்தான் சொன்னாக. "ஏப்பா சோனைமுத்து, டீயில ஒரு துவர்ப்பு இருக்குல்ல, அது இந்த மாத்திரையில இருக்கிற சத்தை ஒடம்புல சேர விடாது. மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் ரெண்டு மணி நேரத்துக்கு டீ காப்பி பக்கமே போகக் கூடாது. நீ மறக்காம மாத்திரையும் குடுத்து, மறக்காம அதை வெளியவும் அனுப்பியிருக்க. அதுலயும் ரெண்டு பங்கு தூளு."

பதினாலு வருஷம்னு சொன்னேன்ல, அதுல ஒரு நாளு நான் எங்கேயாச்சும் ஓடிப் போயிரலாமான்னு நினைச்சது அன்னைக்குத்தான். கையில பிளாஸ்க்கு. கீழ வைக்கவும் தெரியல, புடிச்சுக்கவும் தெரியல.

அவுக அதோட விட்டாகளா? "இவ எத்தனை மணிக்குச் சாப்பிடுறா?"ன்னாக. நான், "நேரத்துக்குச் சாப்பிடுவாம்மா"ன்னேன். "எப்பன்னு கேட்டேன்." எனக்குத் தெரியல. நான் ரெண்டு மணிக்கு வந்து மீனு கொழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டுப் போயிருவேன். அவ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லங்கிறது அப்பத்தான் தெரியுது. நர்ஸம்மா எந்திரிச்சு நேரா அடுப்படிக்குப் போயி சட்டியைத் தொறந்து காட்டினாக. முந்தின நாள் கொழம்பு. அதுல மீனே இல்ல, தலை மட்டுந்தான் கெடக்கு. மதியம் எனக்கு, சாயந்தரம் எங்கக்கா மக்க வந்தா அதுகளுக்கு, கடைசியா மிச்சம் இருந்தா இவளுக்கு. பொழுது சாஞ்ச பெறகுதான் சாப்பிடுவாளாம். எங்க வீட்டுல எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான் சாப்பிட்டாக, அதனால எனக்கு அது ஒரு சங்கதியாவே தெரியல.

"ரத்தம் மாத்திரையில மட்டும் ஊறாதுப்பா. நாளையில இருந்து அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நீ எலை முன்னாடி இருந்து எந்திரிக்காத. முருங்கைக்கீரை, முட்டை, பயறு, எது உண்டோ அது அவளுக்கும் உண்டு. மாத்திரைக்கு எலுமிச்சம்பழத் தண்ணி."

தம்பி, மொத நாளு அவ எதுத்தாப்ல நான் உக்காந்தேன். அவளுக்கு எறங்கவே இல்ல. வெக்கம். "நீங்க போங்க, நான் சாப்பிட்டுக்கிறேன்"ங்கிறா. நான் மீனை எடுத்து வைக்கிறேன், அவ திரும்ப என் தட்டுல வைக்கிறா. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த மீனு அங்கிட்டும் இங்கிட்டும் நாலு தடவை போயிட்டு வந்துச்சு. கடைசியில நான் நர்ஸம்மா மாதிரி, "நில்லு"ன்னேன். சிரிச்சுட்டா. அந்தப் புள்ளை போனதுக்கப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன்.

பெறகு ஏற ஆரம்பிச்சிருச்சு. பூச்சி மாத்திரையும் குடுத்தாக. எட்டு பாயிண்ட் ஆறு. ஒம்பதரை. பதினொண்ணு. கடையில வர்றவககிட்டயெல்லாம் கிரிக்கெட் ஸ்கோரு மாதிரி சொல்லிக்கிட்டு இருப்பேன். "மாஸ்டர், எம்புட்டு?"ன்னு பஸ் ஜன்னல் வழியாக் கேப்பாக டிரைவர்மாரு.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. மொத வருஷம் பூராவும் மாசா மாசம் நான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்ல, ஒண்ணும் ஆகலையேன்னு திருப்பரங்குன்றத்துல ஒரு மொட்டை, பழனியில ஒரு மொட்டை. ஒண்ணும் நடக்கல. ரத்தம் பதினொண்ணு தாண்டி, ரெண்டு வருஷமும் முடிஞ்ச பெறகு ஒரு நாளு மீனா சோத்தைப் போட்டுக்கிட்டே, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி அதை எடுத்துட்டு வந்துரலாம்னு இருக்கேன்"ங்கிறா. "எதை?"ன்னேன். "காப்பர்-டி." எனக்குப் பிசைஞ்ச சோறு பிசைஞ்சபடியே இருக்கு. புள்ளை போயி நாப்பத்தஞ்சாம் நாளு செக்கப்புக்குப் போறேன்னு போனவ, நர்ஸம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயி, புள்ளை தங்காம இருக்க அதை வச்சுட்டு வந்துட்டா. "ஏன்டி என்கிட்டச் சொல்லல?"ன்னேன். "டாக்டரம்மா ரெண்டு வருஷம்னு சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?"ன்னு கேட்டா. "இன்னொரு பெட்டியை என்னால பாக்க முடியாதுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு ரசத்தை ஊத்தினா.

ரெண்டு மொட்டை தம்பி. அவளாச்சும் தடுத்திருக்கலாம். முடி வளந்துரும்னு விட்டுட்டாளாம்.

அடுத்த வருஷம் பொறந்தா எம்மக பொன்மலர். முழு மாசம். ரெண்டு கிலோ தொள்ளாயிரம். பொறந்ததும் கத்தினா பாருங்க, அந்தக் கத்துக்கு இந்த பஸ் ஸ்டாண்டுல எந்த ஹாரனும் நிக்காது. கண்ணாடிப் பெட்டி எந்தப் பக்கம் இருக்குன்னு கூட நான் திரும்பிப் பாக்கல. நேரா மடியில குடுத்தாக.

இதோட கதை முடிஞ்சிருச்சுன்னுதான் நானும் நினைச்சேன். எம்மகளுக்கு ஒரு வயசுல காது குத்து வச்சோம். அன்னைக்கு வந்தவக எல்லாருக்கும் என் கையால டீ. நர்ஸம்மாவுக்கும் ஒண்ணு. கடைசியா ஒரு கிளாஸு, பழைய மாதிரி இஞ்சி, ஏலக்காய் எல்லாம் போட்டு மீனாவுக்குக் கொண்டுபோனேன். மூணு வருஷம் கழிச்சு. இப்பத்தான் மாத்திரை இல்லையே, குடிக்கலாம்ல. அவ கிளாஸைப் பார்த்தா. என்னையப் பார்த்தா. "எனக்கு வேணாங்க"ன்னா.

"ஏன்?"

"எனக்கு டீயே புடிக்காது. சின்னதுல இருந்தே. அந்த வாடைக்கே வயித்தைப் பெரட்டும்."

"அப்ப அந்த ஒம்பது மாசம்?"

"வெயில்ல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு கொண்டாந்தீங்க. மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னீங்க. எப்படி வேணாம்னு சொல்ல?"

"ஒரு தடவையாச்சும் சொல்லிருக்கலாம்லடி."

"வேணுமான்னு நீங்க ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லிருப்பேன். நீங்க எப்படி இருக்குன்னுதான் கேட்டீங்க."

அம்புட்டுதான். எந்திரிச்சுப் போயி வந்தவகளுக்கு எலை போட ஆரம்பிச்சுட்டா. அவளுக்குப் புடிக்காததை, அவளுக்கு ஆகாததை, அவ மேல இருக்கிற பிரியத்துல தெனமும் ஊத்தியிருக்கேன். அவளும் என் மேல இருக்கிற பிரியத்துல முழுங்கியிருக்கா. எனக்கு அன்னைக்கு அழுகை வந்துருச்சு தம்பி. பொகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அன்னையில இருந்து நான் ஆளே மாறிட்டேன். கேக்காம எதையும் குடுக்கிறதில்ல. யாரா இருந்தாலும் மொதல்ல கேப்பேன், பெறகுதான் பேச்சு. அந்தப் பழக்கம் அப்படியே ஊறிப்போச்சு.

அதான் ஒங்ககிட்டச் சொல்றேன். ஒங்கம்மா அவசரப்படுத்துவாக, சொந்தக்காரவக நாலு விதமாப் பேசுவாக. தங்கச்சி ஒடம்பு தேறட்டும். ரெண்டு வருஷங்கிறது ஒண்ணும் பெருசில்ல. நர்ஸம்மாவையோ டாக்டரையோ பாருங்க, என்ன செய்யணும்னு அவுக சொல்வாக. அதைவிட முக்கியம், இந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க. என்ன வேணும்னு கேளுங்க. இப்பவே கேளுங்க, நானும் இருக்கேன். அட, வெக்கப்படாதீங்க. கேளுங்க.

என்ன தாயி? சத்தமாச் சொல்லு, பாய்லர் இரைச்சல்ல கேக்கல.

பசிக்குதா?

காலையில இருந்தா? வெறும் வயித்துல டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு அப்படியேவா வந்த? அதான் மாத்திரையை இன்னும் கையிலயே வச்சிருக்கியா. வெறும் வயித்துல போட்டாக் குமட்டும்னு.

அப்ப நீ இம்புட்டு நேரமும் என்னையப் பாக்கல. எனக்குப் பின்னாடி அவிச்சு வச்சிருக்கிற முட்டையைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்க.

தம்பி, நீங்க எதுக்குத் தலையைக் குனியிறீங்க? ஒங்களுக்கு நேத்துத்தான் கல்யாணம் ஆன மாதிரி வயசு. நான் பதினாலு வருஷமா நடந்து வர்றவகளைப் பார்த்தே என்ன வேணும்னு சொல்றவன். இருபது நிமிஷமா ஒரு பச்சை ஒடம்புக்காரியைப் பட்டினி போட்டு உக்கார வச்சுக்கிட்டு, பொம்பளைகளைச் சாப்பிட்டியான்னு கேக்கணும்னு கதை சொல்லிக்கிட்டு இருக்கேன். இதை மீனாகிட்டப் போயிச் சொன்னா அவ ஆச்சரியப்படக் கூட மாட்டா.

டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு. அடிக்கட்டும், அடுத்த பஸ்ஸுல போகலாம். இந்தா தாயி, முட்டை உரிச்சுட்டேன், பன்னும் இருக்கு. மொதல்ல சாப்பிடு, பெறகு மாத்திரை. வேற என்ன வேணும் ஒனக்கு? நீயே சொல்லு. நான் வாயை மூடிக்கிறேன்.